செங்கல் சுவரைப் பேணுவோம்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், இரயில் பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் பாலோ. செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் மழை உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் மழை சில வேளைகளில் நாள்கணக்கில் நீடிக்கும். இத்தகைய ஊர்களில் வீட்டுச் சுவர், வேலித்தூண், நடைபாதை ஆகியவற்றின் செங்கற்களில் பச்சைப் பாசியும் வெண்பொடியும் படிவது இயல்பு.

நம் நாட்டு நகரங்களில் செங்கல் கட்டடங்கள் பெருகியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூரை முதலில் தீயும் பின்னர் வெள்ளமும் தாக்கின. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய வீடுகள் அழிந்தன. அதன்பின், செங்கல்லாலும் ஓட்டாலும் வீடு கட்ட வேண்டும் என்று பிராங்க் சுவெட்டன்ஹாம் வலியுறுத்தினார். அக்காலத்தில் செங்கற்சூளைகள் இயங்கிய இடமே இன்றைய பிரிக்ஃபீல்ட்ஸ். தீயைத் தாங்கும் செங்கல்லுக்கும் ஒரு பகை உண்டு. அதுதான் ஈரம்.

செங்கல்லில் எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. மழைநீர் அவற்றின் வழியே உள்ளே செல்கிறது. வெயிலில் மீண்டும் ஆவியாக வெளியேறுகிறது. அப்போது செங்கல்லிலும் காரையிலும் உள்ள உப்பு, நீரில் கரைந்து மேற்பரப்புக்கு வருகிறது. நீர் ஆவியானதும் உப்பு மட்டும் வெண்பொடியாகத் தங்கிவிடுகிறது. இதனை உப்புப் பூத்தல் என்பர். வெயில் படாமல் ஈரம் தங்கும் பகுதியிலோ பாசி வளர்கிறது. பாசி படிந்த நடைபாதை வழுக்கும். முதியோர் அதில் விழுந்தால் எலும்பு முறியக்கூடும். ஆகவே, சுவரைத் தூய்மைப்படுத்துவது அழகுக்காக மட்டுமன்று.

வெண்பொடியை முதலில் உலர்ந்த தூரிகையால் தேய்த்து அகற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மீண்டும் செங்கல்லுக்குள் சென்றுவிடும். பாசியையும் அழுக்கையும் நீக்க, முதலில் சுவரை நன்கு நனைக்க வேண்டும். நனைந்த சுவர் அழுக்கு நீரை அதிகம் உறிஞ்சாது. பின்னர், பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கலந்த நீரைத் தொட்டு, நைலான் தூரிகையால் தேய்த்துக் கழுவலாம். இரும்புக் கம்பித் தூரிகை கூடாது. அதன் துணுக்குகள் சுவரில் சிக்கித் துருப்பிடித்துக் கறையாகும்.

விரைவாக வேலையை முடிக்கச் சிலர் உயர் அழுத்த நீர்ப்பீச்சியைப் பயன்படுத்துகின்றனர். சூளையில் வெந்து இறுகிய செங்கல்லின் மேற்பரப்பையும் பழைய காரையையும் அது பெயர்த்துவிடக்கூடும். மேற்பரப்பை இழந்த செங்கல் முன்னிலும் மிகுதியாக நீரை உறிஞ்சும். அமிலமும் காரையை அரிக்கும். குறிப்பாக, அமிலத்தையும் வெளுப்பு நீரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. அக்கலவையிலிருந்து வெளியேறும் குளோரின் வாயு நுரையீரலைப் பாதிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். வெளுப்பு நீரைத் தனியாகப் பயன்படுத்தும்போதும் கையுறையும் கண்காப்பும் அணிவது அவசியம்.

செங்கற்களுக்கு இடையே உள்ள காரை உதிர்ந்தால், உதிரும் பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய காரை பூச வேண்டும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் கடினமான சிமெண்டைப் பூசுவது தவறு. சுவரில் உள்ள ஈரம் மென்மையான காரை வழியே வெளியேறும். காரை செங்கல்லைவிடக் கடினமாகிவிட்டால் ஈரம் செங்கல் வழியே வெளியேற முயலும். அதனால் காரை நிலைத்திருக்க, செங்கல் உதிரும். ஈரம் காயாத சுவரில் சாயம் பூசுவதும் பயனற்றது. அது விரைவில் கொப்பளித்து உரிந்துவிடும்.

எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும், ஈரம் வரும் வழியை அடைக்காவிட்டால் பாசி மீண்டும் முளைக்கும். கூரையின் நீர்த்தாரை ஒழுகுகிறதா, கால்வாய் அடைத்துள்ளதா, சுவரோரம் மண் குவிந்துள்ளதா, செடிகள் சுவரை மறைத்துள்ளனவா என்று மழைக்காலத்திற்கு முன்பே பார்க்க வேண்டும். வருமுன் காக்கும் வீட்டில் செங்கல் சுவர் தலைமுறை கடந்தும் நிற்கும்.