காவலே மருந்தாக

எலும்பினுள் அமைந்த மஜ்ஜையே குருதியணுக்களின் பிறப்பிடம். அங்குள்ள குருத்தணுக்களிலிருந்து சிவப்பணுக்கள், வெள்ளணுக்கள், தட்டணுக்கள் ஆகியவை தோன்றுகின்றன. சில வேளைகளில் மைலாய்டு வழியில் உருவாகும் இளம் அணுக்கள் முதிர்ச்சி பெறாமலே பெருகி மஜ்ஜையை நிறைத்துவிடும். இதுவே தீவிர மைலாய்டு குருதிப்புற்று. சிவப்பணுக்கள் குறைவதால் சோர்வும், தட்டணுக்கள் குறைவதால் குருதிக்கசிவும், முதிர்ந்த வெள்ளணுக்கள் குறைவதால் நோய்த்தொற்றும் உண்டாகின்றன.

காவல் தவறுவது ஏன்?

உடலின் பெரும்பாலான அணுக்கள் தம் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. எனும் புரத அடையாளங்களைத் தாங்கியுள்ளன. டி வகை வெள்ளணுக்கள் அவற்றை ஆராய்ந்து தன்னது எது, அயலது எது எனப் பிரித்தறிகின்றன. புற்றணுவோ உடலிலேயே பிறந்தது. ஆகவே எளிதில் ஐயத்திற்கு உள்ளாவதில்லை. மேலும், அது தன் அடையாளங்களை மறைக்கவும் காவலணுக்களைச் செயலிழக்கச் செய்யவும் வல்லது.

வேற்றுமையின் பயன்

அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ், கதிர்வீச்சுக்குப் பின் பிறர் மஜ்ஜையைச் செலுத்தும் முறையை 1957இல் வெளியிட்டார். தொடக்கத்தில் தோல்விகளே மிகுதி. எனினும் முயற்சி தொடர்ந்தது. பிற மருத்துவம் பலிக்காத 100 நோயாளிகளுக்குச் செய்த மாற்றுச் சிகிச்சை குறித்து அவர் குழுவினர் 1977இல் எழுதினர். அவர்களுள் 13 பேர் நோயின்றி வாழ்ந்தனர். இப்பணிக்காகத் தாமஸ் 1990இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கதிர்வீச்சும் மருந்தும் நோயை அழிக்கும். புதிய மஜ்ஜை அவ்விடத்தை நிரப்பும் என்றே முதலில் கருதப்பட்டது. ஆனால் ஒத்த இரட்டையரிடம் மஜ்ஜை பெற்றோர்க்கு நோய் மீண்டும் வருவது மிகுதியாக இருந்தது. உடன்பிறந்த பிறரிடம் பெற்றோர்க்கு அது குறைவாக இருந்தது. 2,000க்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 1990இல் வெளிவந்த ஆய்வு இதனை உறுதிசெய்தது. முற்றும் ஒத்த மஜ்ஜைக்குப் புற்றணு அயலாகத் தோன்றவில்லை. சிறிது வேறுபட்ட மஜ்ஜையின் டி அணுக்களோ, எஞ்சிய புற்றணுக்களையும் தேடி அழித்தன.

இருமுனைக் கத்தி

அதே டி அணுக்கள் நோயாளியின் தோல், கல்லீரல், குடல் ஆகியவற்றையும் அயலெனக் கொண்டு தாக்கக்கூடும். அவற்றை முற்றிலும் நீக்கினால் நோய் திரும்பும் வாய்ப்புப் பெருகும். கொடையாளரின் எச்.எல்.ஏ. பொருத்தம் இன்றியமையாததாவது இதனாலேதான். உடன்பிறந்தார் ஒருவர் முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே.

ஆய்வகத்தில் மாற்றியமைத்த டி அணுக்கள் பி வகைக் குருதிப்புற்றில் நற்பயன் தந்துள்ளன. அங்கே நலமான பி அணுக்கள் அழிந்தாலும் நோயாளி வாழ இயலும். மைலாய்டு புற்றணுக்களின் அடையாளங்களோ நலமான குருத்தணுக்களிலும் காணப்படுகின்றன. அவற்றையும் அழித்தால் குருதியே உருவாகாது. களையை மட்டும் இனங்காணும் வழியையே ஆய்வாளர்கள் நாடுகின்றனர்.

இந்தியாவில் 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. இன்று குருத்தணுக்களைக் கொடையாளரின் கைச்சிரை வழியாகவே பெறலாம். கொடுத்தவர் உடலில் அவை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். பெற்றவர் உடலிலோ குருதியாகவும் காவலாகவும் நிலைத்து வாழும்.