வார்டிலிருந்து பயோஃபீட்பேக்குக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் நைட் டியூட்டி பார்த்துக் களைத்த நர்ஸ்கள் சிலர் பயோஃபீட்பேக் (உடலின் மாற்றங்களை மெஷின் அளந்து காட்ட, அதைப் பார்த்தே உடலைக் கட்டுப்படுத்தப் பழகுவது), தளர்வுப் பயிற்சி என்று தடம் மாறுகிறார்கள். இந்த வேலையைப் பற்றி ஊர் பேசுவதில் பாதி தவறு.

நம்பிக்கை: மெஷின்தான் குணப்படுத்துகிறது.

உண்மை: மெஷின் அளந்து காட்டும், அவ்வளவுதான். நெற்றியிலோ தோளிலோ ஒட்டும் மின்முனைகள் தசையின் இறுக்கத்தைச் சொல்லும். விரல் நுனியில் ஒட்டும் சின்ன சென்சார் தோலின் வெப்பத்தைச் சொல்லும். பதறினால் விரலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி விரல் குளிரும், தளர்ந்தால் சூடேறும். வேடிக்கை என்னவென்றால், ‘சூடாக்கியே தீருவேன்’ என்று பல்லைக் கடித்து உட்கார்ந்தால் திரையில் எண் இறங்கும். ஏறினால் ஏறட்டும் என்று விட்டவருக்குத்தான் ஏறும். கான்சாஸ் மாநிலத்தின் டொபீகாவில், மெனிங்கர் நிறுவனத்தில் எல்மர் கிரீனும் சகாக்களும் ஒற்றைத் தலைவலிக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் கைவெப்பப் பயிற்சியைத்தான்.

நம்பிக்கை: வார்டை விட்டால் படித்த நர்ஸிங் வீண்.

உண்மை: எனக்கு இதைக் கேட்டால்தான் எரிச்சல் வரும். தளர்வுப் பயிற்சியில் நிமிஷத்துக்கு ஆறு மூச்சு என்று நிதானமாக விடச் சொன்னால், சிலர் ஆவேசமாக இழுத்து இழுத்து விடுவார்கள். உதடு மரத்துப்போகும், விரல் குறுகுறுக்கும், தலை சுற்றும். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிட்டது என்பது ஐ.சி.யு.வில் நின்றவருக்குப் பார்த்ததுமே பிடிபடும். இன்னொன்று, மாத்திரைப் பட்டியல். இன்சுலின் போடுகிறவருக்கும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் பயிற்சி பலிக்கப் பலிக்கப் பழைய டோஸே அதிகமாகிவிடக்கூடும். டோஸைக் குறைப்பது டாக்டர் வேலை. சர்க்கரை இறங்குவதை முதலில் கவனித்து அவருக்குச் சொல்வது நர்ஸின் வேலை. வார்டிலும் அதைத்தானே செய்தார்?

நம்பிக்கை: எல்லா நோய்க்கும் கேட்கும்.

உண்மை: ஒற்றைத் தலைவலி, டென்ஷன் தலைவலி, சிறுநீர்க் கசிவு, இடுப்புத் தசை சரியாகத் தளராததால் வரும் மலச்சிக்கல் ஆகியவற்றுக்கு நல்ல ஆதாரம் உண்டு. குளிரில் விரல் வெளுத்துப்போகும் ரேனாட் நோய்க்குக் கைவெப்பப் பயிற்சி பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வில் நிஃபெடிபின் மாத்திரை உதவியது. பயிற்சி, ஒப்பீட்டுக்காகத் தந்த போலிப் பயிற்சியைத் தாண்டவில்லை.

நம்பிக்கை: சான்றிதழ் வாங்கினால் போதும், தனியாக அறை போட்டுவிடலாம்.

உண்மை: 1981இல் தொடங்கிய பி.சி.ஐ.ஏ. என்ற அமைப்பு பாடம், வழிகாட்டியின் கீழ் பயிற்சி, தேர்வு எல்லாம் வைத்துத்தான் சான்றிதழ் தருகிறது. நர்ஸ்கள் அதற்குத் தகுதியானவர்களே. ஆனால் அது சிகிச்சை உரிமம் ஆகாது. நோய்க்குச் சிகிச்சை தர மாநில உரிமம் வேண்டும். இல்லையேல் உரிமம் உள்ளவரின் மேற்பார்வை வேண்டும். நர்ஸிங் உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவது அசட்டுத்தனம்.

பணக் கணக்கும் உண்டு. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், வழக்கமான சிகிச்சை பலிக்காத சில தசைக் கோளாறுகளுக்கும் சிறுநீர்க் கசிவுக்கும் பயோஃபீட்பேக் செலவைத் தருகிறது. சாதாரண தசை இறுக்கத்துக்கும் மன அழுத்தத்தால் வரும் உபாதைகளுக்கும் தருவதில்லை. ஆகவே நர்ஸ் இடுப்புத் தசைப் பயிற்சி கிளினிக்கில் சேர்ந்தால், அந்தக் கிளினிக்குக்குக் காப்பீட்டுப் பணம் வரும். ‘ஸ்ட்ரெஸ் குறைக்கிறோம்’ என்று போர்டு மாட்டுகிறவர் பெரும்பாலும் வருகிறவரின் பர்ஸைத்தான் நம்பியிருக்க வேண்டும்.