கடல் வாசல்களும் எங்கள் உரப்பையும்

மாரி மழை கடுத்தால் கிரான் – புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடிவிடும் என்பதை இப்பகுதியில் அறியாதார் இல்லை. அக்கரையில் வயலும் வாடியும் மாட்டுப்பட்டியும் உண்டு. இக்கரையில் சந்தை, ஆஸ்பத்திரி, வங்கி எல்லாம் உண்டு. நடுவில் இருப்பது ஒடுங்கிய ஒரு துண்டு வழிதான். அது நீரில் மூழ்கியவுடன் வாகனம் நிற்கும், தோணி ஓடத் தொடங்கும். மாவும் சீனியும் மண்ணெண்ணெயும் தோணிக் கூலியையும் சேர்த்துக்கொண்டே அக்கரை போகும். வெள்ளம் வடியும் வரை அங்கே விலை இறங்காது. 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வாகரைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு, வழி அடைபட்டால் ஒரு கொத்து அரிசி என்ன விலை போகும் என்று எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

உலகக் கடல்களிலும் இத்தகைய ஒடுங்கிய இடங்கள் சில உண்டு. இரண்டு பெருங்கடற் பரப்புகளை இணைக்கும் ஒடுங்கிய நீர்வழியை நீரிணை என்கிறோம். கடல் எவ்வளவு பரந்ததாயினும் கப்பல்கள் இவ்விடங்களில் ஒன்றன்பின் ஒன்றாகவே போகவேண்டும். நாம் வயலுக்கு இடும் யூரியாவும், உழவு இயந்திரத்துக்கு ஊற்றும் டீசலும், காலையில் ரொட்டி சுடும் கோதுமை மாவும் பெரும்பாலும் கப்பலில் வருபவை. ஆகவே இவ்வாசல்களைப் பற்றி அறிந்துகொள்வது எமக்கும் தேவையானதே.

ஒடுக்கம் மட்டும் போதாது

எமக்கு மிக அருகில் உள்ளது பாக்குநீரிணை. தமிழ்நாட்டுக்கும் எமது வடபகுதிக்கும் இடையே கிடக்கிறது. ஒடுக்கமானதுதான், ஆனால் பெருங்கப்பல் எதுவும் அதன் வழியே போவதில்லை. காரணம் ஆழமின்மை. மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள மணற்திட்டுகளின் மேல் சில இடங்களில் நீர் இடுப்பளவே நிற்கும். ஆகையால் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் போகும் கப்பலும் இலங்கைத் தீவைச் சுற்றியே செல்கிறது. கடலடியைத் தோண்டி வழி செய்யலாம் என்ற எண்ணம் 1860ஆம் ஆண்டளவிலேயே ஆங்கிலேயரிடம் எழுந்தது. 2005 ஜூலையில் இந்திய அரசு சேதுசமுத்திரத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. 2007இல் மணற்திட்டை வெட்டுவதற்கு அந்நாட்டு உயர் நீதிமன்றம் தடை விதித்ததுடன் வேலை நின்றது. மீன்வளம் பற்றிய அச்சம் இரு கரைகளிலும் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

எனவே ஒரு நீரிணைக்கு மதிப்பு வருவது அதன் ஒடுக்கத்தால் மட்டும் அல்ல. பெருங்கப்பல் மிதக்கும் ஆழம் வேண்டும். பொருள் விளையும் நாட்டுக்கும் வாங்கும் நாட்டுக்கும் நடுவே அது அமையவேண்டும். சுற்றிப்போக வேறு வழி இல்லாமலோ, இருந்தும் வெகுதூரமாகவோ இருக்கவேண்டும்.

இம்மூன்றும் பொருந்தியவற்றில் முதலாவது ஹோர்முஸ் நீரிணை. பாரசீக வளைகுடாவின் வாய் இது. மிக ஒடுங்கிய இடத்தில் 40 கிலோமீற்றருக்கும் குறைவு. அதிலும் கப்பல் போக ஒரு பாதை, வர ஒரு பாதை என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு கடல்மைல் அகலமே ஒதுக்கப்பட்டுள்ளது. 2023ஆம் ஆண்டில் உலகம் பயன்படுத்திய எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வழியாகவே வந்தது. குவைத், கட்டார் நாடுகளின் துறைமுகங்கள் முழுவதும் இந்த வாய்க்கு உள்ளேதான் உள்ளன. அங்கு வேலைக்குப் போன பிள்ளைகள் எமது வீடுகளிலும் உண்டு என்பதால், இந்நீரிணையில் பதற்றம் என்று வானொலி சொன்னால் இங்கே சில தாய்மாருக்கு நித்திரை வராது.

அடுத்தது பாப் எல் மண்டெப். அரபு மொழியில் கண்ணீர் வாசல் என்று பொருள். செங்கடலின் தெற்கு முனையில், யேமனுக்கும் ஆபிரிக்காவுக்கும் இடையே உள்ளது. அகலம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நகருக்குப் போகும் தூரமளவே. செங்கடலின் வடமுனையில் 1869இல் திறக்கப்பட்ட சுயெஸ் கால்வாய் இருக்கிறது. அது மனிதர் வெட்டியது. கிழக்கே சுமாத்திராவுக்கும் மலாயாவுக்கும் நடுவில் மலாக்கா நீரிணை. சிங்கப்பூருக்கு அருகில் அதன் கப்பற்பாதை மூன்று கிலோமீற்றருக்கும் குறைவாக ஒடுங்குகிறது. வடக்கே துருக்கியில் பொஸ்பரஸ் நீரிணை. அதன் மிக ஒடுங்கிய இடம் ஒரு கிலோமீற்றரும் இல்லை. கருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் கோதுமை கடல்வழியே வெளியே வருவதற்கு அது ஒன்றே வாசல்.

செங்கடலுக்கும் மலாக்காவுக்கும் இடையே ஓடும் கப்பல்கள் எமது தீவின் தென்முனையான தேவேந்திரமுனையை ஒட்டியே கடக்கின்றன. கொழும்புத் துறைமுகத்தின் வளம் இதனால் வந்தது.

வாசலைப் பிடித்தவர்கள்

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விடயம் அல்ல. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. கடாரம் மலாக்கா நீரிணையின் ஓரத்தில் உள்ளது. போர்த்துக்கேயத் தளபதி அல்புகேர்க் 1511இல் மலாக்காவைப் பிடித்தார். 1513இல் செங்கடல் வாயிலுக்கு அருகிலுள்ள ஏடனைத் தாக்கித் தோற்றார். 1515இல் ஹோர்முஸைக் கைக்கொண்டார். எமது மட்டக்களப்புக் கோட்டையை 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்த ஒல்லாந்தரே 1641இல் மலாக்காவையும் பறித்தார்கள். புளியந்தீவில் இன்றும் நிற்கும் அந்தக் கோட்டைச் சுவர், இந்தப் பெரிய வியாபாரப் போட்டியின் ஒரு சிறு துண்டு.

நீரிணைகளில் எல்லா நாட்டுக் கப்பல்களும் தடையின்றிக் கடக்கும் உரிமையை 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்டம் எழுத்தில் வைத்தது. அச்சட்டத்தை ஆக்கிய மாநாட்டுக்கு 1980இல் இறக்கும் வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க. ஆயினும் எழுத்தில் உள்ள உரிமை பீரங்கிக்கு முன் எவ்வளவு நிற்கும் என்பது வேறு கதை.

எந்தப் பொருள் எந்த வாசலால்?

2023 நவம்பரில் யேமனின் ஹூதிப் படையினர் செங்கடலில் ஒரு கப்பலைக் கைப்பற்றினர். தொடர்ந்து பல கப்பல்களைத் தாக்கினர். பெரிய கப்பல் நிறுவனங்கள் அவ்வழியை விட்டு, தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பாப் பயணம் பத்து முதல் பதினான்கு நாட்கள் நீண்டது. நாள் கூடினால் எண்ணெய், மாலுமிகளின் சம்பளம், கப்பல் வாடகை எல்லாம் கூடும். ஆபத்தான கடலில் நுழையும் கப்பலுக்குக் காப்புறுதிக் கட்டணமும் பன்மடங்காகும். 2024இல் சுயெஸ் கால்வாயின் வருமானம் முன்னைய ஆண்டின் பாதிக்கும் கீழே போனது. அதே வேளை 2024இன் தொடக்கத்தில் கொழும்பில் மாற்றியேற்றும் கொள்கலன்கள் பெருகின. ஒருவருக்கு வெள்ளம் என்றால் இன்னொருவருக்குத் தோணிக் கூலி.

அந்நாட்களில் கடைகளில் எதன் விலை ஏறினாலும் "செங்கடலில் சண்டை" என்ற விடை கிடைத்தது. இங்குதான் நாம் நிதானிக்கவேண்டும். வளைகுடா நாட்டில் செய்த யூரியா எப்படி வருகிறது? ஹோர்முஸைக் கடந்து அரபிக்கடல் வழியே நேரே எம்மிடம் வருகிறது. செங்கடல் அதன் பாதையில் இல்லை! ஓமானின் வெளிக்கரையில் ஏற்றினால் ஹோர்முஸும் இல்லை. அபுதாபி தன் எண்ணெயின் ஒரு பகுதியை நீரிணைக்கு வெளியே உள்ள புஜைராத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக 2012இல் குழாய்வழியே அமைத்துவிட்டது.

கோதுமையைப் பாருங்கள். உக்ரேன், ரஷ்யாக் கோதுமை பொஸ்பரஸ், தார்தனெல்ஸ், சுயெஸ், பாப் எல் மண்டெப் என்று நான்கு வாசல்களைத் தாண்டியே இப்பக்கம் வரவேண்டும். ஒன்றில் தடை வந்தாலும் விலையில் தெரியும். அவுஸ்திரேலியக் கோதுமை இவற்றில் எதையும் தொடாமல் இந்து சமுத்திரத்தால் திருகோணமலை மாவாலைக்கு வரமுடியும். ஆனால் ஒன்று: கருங்கடல் கோதுமை குறைந்தால் எல்லோரும் அவுஸ்திரேலியாவைத் தேடுவார்கள், அதன் விலையும் ஏறும். கப்பல்களும் அப்படியே. நீண்ட வழியில் கப்பல்கள் சுற்றும்போது மற்றப் பாதைகளுக்குக் கப்பல் குறையும். வாடகை எங்கும் சிறிது கூடும். ஆகவே கடைக்காரர் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. எவ்வளவு மெய் என்பதே கேள்வி.

2021–22 அனுபவத்தையும் இதனோடு வைத்துப் பார்க்கவேண்டும். 2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசு தடைசெய்தது. அவ்வாண்டு நவம்பரில் தடையை விலக்கியபோது பயிர் ஏற்கெனவே மஞ்சளித்துவிட்டது. பின்னர் டொலர் இல்லை. 2022 நடுப்பகுதியில் இந்தியக் கடனில் 65,000 தொன் யூரியா வந்து, 50 கிலோ பை 10,000 ரூபாவுக்கு விற்கப்பட்டது. 2022 பெப்ரவரியில் தொடங்கிய உக்ரேன் போர் உலக விலையை உயர்த்தியது உண்மை. எனினும் எந்த நீரிணையும் அடைபடாமலே எமது வட்டைகளுக்கு உரம் வராது போயிற்று. எல்லாப் பழியையும் தூரத்துக் கடலில் போட்டுவிட முடியாது.

குத்தகைக் காணியில், கடன்பட்டு வேளாண்மை செய்யும் குடும்பத்துக்கு ஒரு பைக்குச் சில ஆயிரம் கூடுவது போகத்தின் இலாபம் முழுவதையும் கொண்டுபோகும். இதற்கு ஒரு சிறு முயற்சி உதவும். சங்கத்தில் ஒரு கொப்பி வையுங்கள். யூரியா, டீசல், மா மூன்றின் விலையையும் மாதந்தோறும் திகதியிட்டு எழுதுங்கள். அவ்வாரம் வானொலியில் கேட்ட கடற்செய்தியையும் பக்கத்தில் குறியுங்கள். தடை வந்த கிழமையே விலை ஏறினால், அந்த மூட்டை தடைக்கு முன்பே களஞ்சியத்துக்கு வந்தது என்று சொல்லிப் பேரம் பேசலாம். இரண்டு மூன்று மாதம் கழித்து ஏறினால் அது கடலிலிருந்து வந்த ஏற்றமாக இருக்கலாம். தடை நீங்கியபின் எத்தனை மாதத்தில் விலை இறங்குகிறது, இறங்குகிறதா என்பதும் கொப்பியில் தெரியும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பேசிப்பார்க்க: பெரும்போகத்துக்குத் தேவையான உரத்தைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து விதைப்புக்கு முன்பே வாங்கிவைக்க முடியுமா? அதை நனையாமல் வைக்கும் இடம் யாரிடம் உண்டு? வயலில் எரிக்கும் வைக்கோலில், பயிர் உறிஞ்சிய பொட்டாசியத்தின் பெரும்பகுதி தங்கியிருக்கிறது; அதை மண்ணிலேயே மடக்கி உழுதால் கப்பலில் வரும் எந்த உரத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று கமநல நிலைய உத்தியோகத்தரிடம் யார் கேட்டு வருவது?