பாடாலூரிலிருந்து அயர்லாந்துக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. முனைவர் பட்டத்துக்கு அயர்லாந்து இலக்கியத்தை எடுக்கப்போவதாக நீ சொன்னதிலிருந்து, பாடாலூருக்கும் அயர்லாந்துக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்கிறார்களாம். உன் அப்பா, அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்றும் கேட்டிருப்பார். அவருக்கு என்னிடம் பதில் இல்லை. மற்றவர்களுக்கு உண்டு.

ஜார்ஜ் தாம்சன் என்ற பெயரைக் குறித்துக்கொள். லண்டனில் பிறந்த கிரேக்க மொழி அறிஞர். 1923இல், இருபது வயதில், அயர்லாந்தின் மேற்குக் கோடியில் உள்ள பிளாஸ்கெட் தீவுக்குப் போனார். மீன்பிடித்தும் ஆடு வளர்த்தும் பிழைத்த சிறு ஊர் அது. ஐரிஷ் மொழியை அந்த மக்களிடமிருந்தே பேசிப் பழகினார். பேச்சுக்குப் பேச்சு பாட்டும் பழமொழியும் வந்து விழும் அந்தத் தீவில்தான் தனக்கு ஹோமர் விளங்கினார் என்பது அவர் கட்சி. தீவு இளைஞன் மொரிஸ் ஓ சலிவனைத் தன் வரலாற்றை எழுதத் தூண்டியவரும் அவரே. 1933இல் வந்த அந்த நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்ததிலும் அவர் பங்கு உண்டு. கால்வே கல்லூரியில் கிரேக்கத்தை ஐரிஷ் வழியாகவே கற்பித்தார். பிறகு பர்மிங்காம் போய்ப் பேராசிரியரானார்.

அந்த பர்மிங்காமுக்குத்தான் இலங்கையிலிருந்து க. கைலாசபதி போனார், பின்னால் கா. சிவத்தம்பியும் போனார். இருவருக்கும் தாம்சன்தான் வழிகாட்டி. கைலாசபதியின் ஆய்வு 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. பாணரும் பொருநரும் வாய்மொழியாகப் பாடிய மரபிலிருந்து சங்கப் பாட்டுகளைப் பார்க்கும் நூல். கிரேக்க, ஐரிஷ், வெல்ஷ் மரபுகளை அருகில் வைத்துப் பேசுகிறது. நம் புறநானூற்றைப் படிக்கும் ஒரு முறை, பாதி வழி பிளாஸ்கெட் தீவைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. சம்பந்தம் கேட்பவர்களிடம் இதைச் சொல்.

ஆனால் கைலாசபதி சொன்னதோடு விவகாரம் முடியவில்லை. தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வந்த தன் நூலில் மறுத்தார்: பாணர் மரபைப் பின்பற்றி, எழுத்தறிந்த புலவர்கள் செய்தவை இவை என்றார். எனக்கு ஹார்ட் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். அயர்லாந்தின் பழைய வீரக்கதைகள் உரைநடையும் செய்யுளும் கலந்தவை. துறவிகள் மடங்களில் ஏட்டில் ஏற்றியவை. புறநானூறோ நானூறு தனிப்பாட்டு. கூ ஹுலின் என்ற வீரன் நின்றபடி சாக வேண்டும் என்று தன்னை ஒரு கல்லோடு கட்டிக்கொண்டான் என்று படித்ததும் உனக்கு நடுகல் நினைவு வரும். வரட்டும். அதை வைத்து உடனே ஒரு அத்தியாயம் எழுதிவிடாதே.

இன்னொன்று. கோட்பாடு ஒரு அத்தியாயம், யேட்ஸ் ஒன்று, ஜாய்ஸ் ஒன்று, முடிவுரை என்று ஆய்வேடு கட்டுகிற வழக்கம் நம் கல்லூரிகளில் நன்றாக ஊறிவிட்டது. யேட்ஸுக்கே ஐரிஷ் படிக்க வராது, தெரியுமா? 1845இல் அயர்லாந்தில் தொடங்கிய பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னும் அத்தனை பேர் கப்பலேறினார்கள். ஐரிஷ் பேசிய ஏழைகளுக்குத்தான் பலத்த அடி. ஆங்கிலத்தில் வந்ததை மட்டும் படித்தால் அந்த மக்கள் என்ன பாடினார்கள் என்பது உன் கைக்கு வராது. ஆகவே மொழியைப் படி. இரண்டு வருடம் போனாலும் பரவாயில்லை. பழைய ஐரிஷ் அகராதி, கையெழுத்துச் சுவடிகளின் படங்கள், கார்க் பல்கலைக்கழகம் தொகுத்த மூல நூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசம். பெருமளவு உன் போனிலேயே பார்க்கலாம்.

எதை எடுப்பது என்று கேட்டிருந்தாய். நான் என்றால் ஒப்பாரியை எடுப்பேன். 1773இல் கார்க் பகுதியில் ஆர்ட் ஓ லியரி என்பவனைச் சுட்டுக் கொன்றார்கள். கத்தோலிக்கனின் குதிரையைப் புராட்டஸ்டன்ட் ஒருவன் ஐந்து பவுன் கொடுத்துக் கேட்டால் மறுக்க முடியாது என்று அன்று சட்டம் இருந்தது. ஆர்ட் மறுத்தான், பகை மூண்டது என்பார்கள். மனைவி எய்லீன் அவனுக்காகப் பாடிய புலம்பல் பல காலம் வாயிலேயே வாழ்ந்து, பிறகுதான் எழுத்தில் ஏறியது. பாடங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும். இது அவள் ஒருத்தி பாட்டா, கூலிக்கு மாரடிக்கும் பெண்களின் பொதுச்சொத்தா என்று இன்றும் வழக்கு நடக்கிறது. பாதிரியார்கள் மாரடித்துப் புலம்பும் பழக்கத்தையே கண்டித்து ஒடுக்கினார்கள். இழவு வீட்டில் உன் அப்பாயி பாடியதைக் கேட்டு வளர்ந்த நீ, இந்த வழக்கில் டப்ளின்காரர்கள் கேட்காத கேள்வி ஒன்றிரண்டைக் கேட்கலாம்.

அதற்கு நம்மூர்ப் பக்கமும் உன்னிடம் இருக்க வேண்டும். 1937இல் அயர்லாந்து அரசு ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் அனுப்பி, கதை, மருந்து, ஊர்ப்பெயர், கிணறு, பேய் எல்லாவற்றையும் நோட்டில் எழுதவைத்தது. லட்சக்கணக்கான பக்கம் சேர்ந்தது. நம் பக்கம் அப்படி யாரும் செய்யவில்லை என்று புலம்பாதே. வெங்காயம் காயவைக்கும் களத்தில் உட்கார்ந்து நீயே தொடங்கு. பாடியவர் பெயர், ஊர், நாள், யாருக்காகப் பாடியது என்பதையும் சேர்த்து எழுது. பதிவு செய்யுமுன் சம்மதம் கேள். துக்கம் நடந்த வீட்டில் போனை நீட்டாதே.

கைலாசபதியை முதலில் ஆங்கிலத்திலேயே படி. 'தமிழ் வீரநிலைக் கவிதை' என்று தமிழிலும் வந்திருக்கிறது. ஹார்ட் நூல் திருச்சியில் கிடைக்காவிட்டால் என் படியை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். ஓரத்தில் பென்சிலில் கிறுக்கியிருப்பேன், அதை நம்ப வேண்டாம்.

அன்புடன்,
மாமா