உப்பு ஜாடி சொல்லித்தந்த பாடம்

தடயவியல் மருத்துவத்தில் எம்.டி. முடித்து, எங்கள் ஊர் கெங்குவார்பட்டிக்கு வந்த அன்று அப்பத்தா கேட்டது: "ஏப்பா, இம்புட்டுப் படிச்சும் உசுரோட இருக்கவுகளுக்கு ஊசி போட ஒரு வேல கெடைக்கலையா?" சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது பணி ஓய்வு. இந்தப் படிப்புக்குப் போகலாமா என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தகுதி. பயிற்சி ஆண்டையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு. பிறகு முதுநிலை நீட் எழுதி, மூன்று ஆண்டு எம்.டி. தடயவியல் மருத்துவம். அமெரிக்காவில் நோய்க்குறியியல் படித்தவர் மேலும் ஓராண்டு பயின்று இந்த வேலைக்கு வருவார். நம் நாட்டில் இது தனித்துறை. ஆனால் எம்.டி. படித்தவர்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளில்தான் இருப்பார்கள். தாலுகா ஆஸ்பத்திரியில் எம்.பி.பி.எஸ். படித்த உதவி மருத்துவரே போஸ்ட்மார்ட்டம் செய்ய வேண்டியிருக்கும். அதனால் எந்தத் துறைக்குப் போகிறவரும் இந்தப் பாடத்தை 'பாஸானால் போதும்' என்று தாண்ட வேண்டாம்.

நானே சறுக்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பூச்சிமருந்து குடித்து இறந்த ஒருவரின் இரைப்பை, சிறுகுடல், கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளை ஜாடியில் போட்டு, கைக்கு எட்டிய ஃபார்மலினை ஊற்றிவிட்டேன். "சார், உப்புத்தண்ணியில்ல ஊத்துவோம்?" என்றார் பிணவறை உதவியாளர். ஃபார்மலின் திசுவைப் பார்ப்பதற்கு. நஞ்சைத் தேடும் ஆய்வை அது கெடுத்துவிடும். அதற்கு, இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீர்தான் வேண்டும். உடலைத் தைத்து மூடியிருக்கவில்லை. மறுபடி மாதிரி எடுத்துத் தப்பித்தேன். அன்றிலிருந்து ஜாடியை மூடுமுன் அவரிடம் ஒருமுறை காட்டிவிடுவேன்.

அடுத்தது, போலீஸ் தரும் விசாரணை அறிக்கை. கவனமாகப் படியுங்கள்; ஆனால் முடிவை அதிலிருந்து எடுக்காதீர்கள். 'தூக்கு' என்று எழுதி வந்த உடலில் கயிற்றுத் தடம் காதுப் பக்கம் சரிந்து ஏறாமல், கழுத்தைச் சுற்றி வளையம்போல் கிடந்தால் அங்கேயே நில்லுங்கள். கருகிய உடலின் மூச்சுக்குழாயில் கரி படிந்திருந்தால், தீப்பிடித்தபோது அவருக்கு மூச்சு இருந்திருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகளால் குமுளி ரோடு நிறைந்திருக்கும், விபத்துகளும் வரும். அவசரத்தில் சட்டையைக் கத்தரித்து வீசினால், அதில் ஒட்டிய பெயின்ட் துகளும் டயர் தடமும் கையைவிட்டுப் போகும்.

பொறுமையாகப் பார்த்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு 1952 ஆளவந்தார் கொலை வழக்கே போதும். உடல் ரயில் பெட்டியில் மானாமதுரையில் கிடைத்தது. தலை ராயபுரம் கடற்கரையில். டி.என்.ஏ. சோதனை இல்லாத காலத்தில், இரண்டும் ஒருவருடையவையே என்று சென்னையில் ஆராய்ந்து நிறுவினார்கள்.

வழக்கு கோர்ட்டுக்கு வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். முகம் மறந்துபோகும், எழுதியது மட்டும் இருக்கும். ஒருமுறை காயத்தை 'ஒரு விரற்கடை' என்று எழுதிவைத்தேன். "யாருடைய விரல், டாக்டர்?" என்றார் குறுக்கு விசாரணை செய்த வக்கீல். நீளம், அகலம், ஆழம் எல்லாம் சென்டிமீட்டரில் எழுதுங்கள். இறந்த நேரத்தை இன்ன மணி என்று அடித்துச் சொல்லாமல், இந்த மணியிலிருந்து இந்த மணிக்குள் என்று எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்று கூண்டில் சொன்னால் யாரும் உங்களைக் குறைத்து மதிப்பதில்லை.

பிணவறை வாசலில் நிற்கும் உறவினரிடமும் பேச வேண்டும். ராத்திரியில் ஏன் செய்யவில்லை என்று கேட்பார்கள். வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் இரவிலும் செய்யலாம் என்று 2021 நவம்பரில் அனுமதி வந்தது; கொலை, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் பொதுவாக விடியத்தான் வேண்டும். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணையும் உண்டு. இரண்டு நிமிடம் நின்று காரணத்தைச் சொன்னால் பாதிக் கோபம் அடங்கும்.

கடைசியாக, எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒன்று. எலி பேஸ்ட் சாப்பிட்டவர் முதல் நாள் நன்றாகவே பேசுவார், சோறும் கேட்பார். கல்லீரல் கெடுவது வெளியே தெரிய இரண்டு மூன்று நாளாகும். "ஒண்ணுமில்ல, வாந்தி எடுத்துட்டான்" என்று வீட்டில் வைத்திருந்து, பிறகு என் மேசைக்குக் கொண்டுவந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர் எழுந்து நடந்தாலும் சரி, அன்றைக்கே பெரியகுளம் ஆஸ்பத்திரிக்கோ க.விலக்கு ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போங்கள். அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப்போங்கள்.