ஆம்பூர், வாணியம்பாடியில் ஷூ வாங்கும் முன்

சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரில் போகிறவர்கள் ஆம்பூரில் பிரியாணிக்காக நிறுத்துவார்கள். கை கழுவிய கையோடு, 'எக்ஸ்போர்ட் ஷூ' என்று போர்டு மாட்டிய சாலையோரக் கடைக்குள் நுழைந்து, பத்து நிமிடத்தில் இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பத்து நிமிடம் போதாது. வெளிநாட்டுக்கு ஷூ தைத்து அனுப்பும் ஊரில் முதல்தர சரக்கு கிடைக்கும். குடோனில் வருடக்கணக்கில் கிடந்ததும் கிடைக்கும். வெளியூரிலிருந்து வந்திறங்கிய ரெக்சினும் கிடைக்கும். மூன்றும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

ஷூ வாங்க ஆம்பூருக்குப் போங்கள். கம்பெனிகள் அதிகம், கடைகளும் அதிகம், நாலு கடை ஏறி இறங்கிப் பார்க்கலாம். வாணியம்பாடி அடிப்படையில் தோல் பதனிடும் ஊர். பை, பெல்ட் தைக்கிறவர்கள், கைவினை செய்கிறவர்கள் தோலாகவே வாங்க நினைத்தால் இங்கே வரலாம். டேனரி வாசலில் போய் நின்று ஒரே ஒரு தோல் கேட்டால் கிடைக்காது. சில்லறைக்குத் தருகிற கடை எதுவென்று ஊரில் விசாரித்துப் போக வேண்டும். இவ்வளவு தூரம் வர முடியாதவர்களுக்குச் சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே பெரியமேடு இருக்கிறது. தோல் வியாபாரத்தின் பழைய மையம் அது. மிச்சத் தோல், ஷூ, பை எல்லாம் அங்கே மொத்தமாகவும் சில்லறையாகவும் போகின்றன.

இனி ஷூவைக் கையில் எடுங்கள். ஐரோப்பாவுக்கென்று தைத்ததானால் உள்ளேயோ, சோலிலோ, ஒட்டிய ஸ்டிக்கரிலோ சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் கொண்டுவந்த விதி அது. விரித்த தோலின் உருவம் இருந்தால் அசல் தோல். அதே உருவத்துக்குள் ஒரு டைமண்ட் இருந்தால் மேலே கனமான பூச்சு ஏற்றிய தோல். வலைப்பின்னல் என்றால் துணி. டைமண்ட் மட்டும் இருந்தால் ரப்பர், ரெக்சின் போன்ற வேறு பொருள். மேல்பகுதி, லைனிங், சோல் மூன்றுக்கும் தனித்தனியே போட்டிருப்பார்கள். மேலே தோல், உள்ளே துணி என்பது சாதாரணம். நம் ஊர் வெயிலில் நாள் முழுக்கப் போட்டிருக்கப் போகிறவர் லைனிங்கும் தோலாக இருப்பதைத் தேடி எடுப்பது நல்லது.

படம் இல்லையா? கட்டைவிரலால் அழுத்துங்கள். அசல் தோலில் விரலைச் சுற்றி நுண்ணிய சுருக்கங்கள் பரவும், எடுத்ததும் மறையும். வெட்டு விளிம்பு தெரிகிற இடத்தில் நார் நாராக இருக்க வேண்டும். துணி எட்டிப் பார்த்தால் ரெக்சின். வாசனையை மட்டும் நம்பாதீர்கள், அதைத் தெளித்தும் கொண்டுவரலாம். தீக்குச்சி கொளுத்திக் காட்டுவதும் தேவையில்லாத வேலை.

மிச்சச் சரக்கில் நான் மிகவும் பயப்படுவது சோலைப் பற்றித்தான். பி.யு. (பாலியூரிதேன்) சோல் போடாமல் பெட்டியிலேயே இருந்தாலும், காற்றின் ஈரம் ஏறி உள்ளுக்குள் சிதைந்துவிடும். பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும், ஊர் போய்ச் சேர்ந்து நாலு நாள் நடந்ததும் பொடிப்பொடியாக உதிரும். நகத்தால் சோலை அழுத்திப் பாருங்கள், வளைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ விரிசல் தெரிந்தாலோ அங்கேயே வைத்துவிடுங்கள். தயாரித்த மாதம், வருடம் இருந்தால் படியுங்கள். ரப்பர் சோலில் இந்தத் தொல்லை இல்லை.

ரிஜெக்ட் ஆன ஷூ எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆடு உயிரோடு இருந்தபோது முள் கீறி ஆறிய தழும்பு, இரண்டு ஷூவுக்கும் நிறத்தில் இழைபோன்ற வித்தியாசம், பசைக் கறை, இவற்றுக்காகவே வெளிநாட்டு வாடிக்கையாளர் திருப்பிவிடுவதுண்டு. தாராளமாக வாங்கலாம், பல வருடம் உழைக்கும். ஆனால் இரண்டு ஷூவையும் மேசை மேல் ஒட்டி வைத்துப் பின்பக்கம் பாருங்கள். குதிகால் உயரம் ஒன்றுக்கொன்று மாறினாலோ, சோல் ஓரத்தில் நகம் நுழைகிற அளவு இடைவெளி இருந்தாலோ, மடங்குகிற இடத்தில் தையல் விட்டிருந்தாலோ எந்த விலைக்கும் வேண்டாம்.

அளவை எண்ணைப் பார்த்து எடுக்கக் கூடாது. ஐரோப்பிய 42 ஏறக்குறைய நாம் பின்பற்றும் பிரிட்டிஷ் அளவில் 8. ஆனால் ஐரோப்பிய அளவில் ஒரு எண்ணுக்கு 6.67 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் அளவில் 8.46, கணக்கு ஒருபோதும் சரியாக ஒட்டாது. அகலம் இன்னொரு சிக்கல். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து 'பா' என்ற இந்திய அளவுமுறையைப் பரிந்துரைத்தது. அவர்கள் கண்டதில் ஒன்று, நம் பாதம் ஐரோப்பியரின் பாதத்தைவிட அகலம் என்பது. எனவே இரண்டு காலிலும் போட்டு, சிமெண்ட் தரையில் நடந்து பாருங்கள். சுண்டுவிரல் நெரிந்தால், "போகப் போக லூஸாயிடும்" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம்.

தோலாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விலை சதுர அடிக்கு. அளவு தோலின் உட்புறத்தில் எழுதியிருக்கும். ஆட்டுத்தோல் ஒன்று பெரும்பாலும் 4 முதல் 6 சதுர அடி தேறும். வயிற்றுப் பக்கம் தளர்ந்து இழுபடும், முதுகுப் பக்கம்தான் உறுதி. பெல்ட்டுக்கு எடுப்பதாக இருந்தால் முதுகைப் பார்த்து எடுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் வராதீர்கள், ஜும்மா தொழுகை நேரத்தில் பல கடைகள் அடைத்திருக்கும். பேரம் பேசலாம், "பாய், கடைசி விலை சொல்லுங்க" என்றால் சிரித்துக்கொண்டே குறைப்பார்கள். ஓரளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டேனரிக் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்கு 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவும், சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து தைக்கும் பெண்களின் கூலியும் அந்த விலைக்குள் அடக்கம்.

பணம் கொடுக்கும்போது பில் கேளுங்கள். அதில் 'லெதர்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.