அளவைக் கற்கள்: திருச்சி மாணவர்க்கு ஒரு களப்பாடம்

மனிதன் நிலத்தை உழத் தொடங்கியபோதே அதனை அளக்கவும் தொடங்கினான். அளப்பதற்குக் கோல் வேண்டும். அளந்த முடிவைக் காப்பதற்குக் கல் வேண்டும். அத்தகைய கற்களைத் தேடிச் சென்று காண்பது இன்று மேலை நாடுகளில் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. பிரிட்டனில் 1936 முதல் நாட்டப்பெற்ற அளவைத் தூண்களைக் குன்றுதோறும் ஏறிக் கண்டு குறித்துவைப்போர் பலர். 2000 மே மாதத்தில், செயற்கைக்கோள் துணையால் இடமறியும் வசதி பொதுமக்களுக்குத் துல்லியமாகக் கிட்டியவுடன், மறைத்துவைத்த பொருளைத் தேடும் 'ஜியோகேச்சிங்' எனும் விளையாட்டு அமெரிக்காவில் பிறந்தது. அளவைக் குறிகளைத் தேடுதலும் அதன் கிளையாயிற்று. காவிரிக்கரை மாணவர்க்கு இஃது விளையாட்டோடு கல்வியாகவும் அமையும்.

கோல் அளந்த நாடு

முதலாம் இராசராசன் சோழ நாட்டு நிலங்களை அளக்கச் செய்தான். 1086-இல் முதலாம் குலோத்துங்கன் மீண்டும் அளப்பித்தான். அப்பணியை மேற்கொண்டோர் 'உலகளந்தான்' எனும் சிறப்புப்பெயர் பெற்றனர். வேலி, மா, காணி, முந்திரி என நுண்ணிய பின்னங்கள்வரை அளவு சென்றதைக் கல்வெட்டுகள் காட்டும். கோலின் நீளத்தைக் கோயிற் சுவரிலேயே வெட்டிவைத்த ஊர்களும் உண்டு. ஐயம் எழுந்தால் எவரும் சென்று ஒப்பிட்டுக்கொள்ளலாம். அதே பதினொன்றாம் நூற்றாண்டில், பஞ்சாபின் நந்தனாக் கோட்டையருகே ஒரு குன்றின் மீதிருந்து அடிவானத்தின் சாய்வை அளந்து, புவியின் ஆரத்தையே கணக்கிட்டார் பேரறிஞர் அல்பிரூனி.

முக்கோண அளவை

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலையருகே சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் ஏனைய பக்கங்களைக் கணக்கால் பெறலாம். அவற்றின்மேல் அடுத்த முக்கோணத்தை அமைக்கலாம். இவ்வாறு முக்கோணங்கள் சங்கிலிபோல் நாடெங்கும் படர்ந்தன. குன்றுகளற்ற காவிரிச் சமவெளியில் கோயிற் கோபுரங்களே அளவை நிலையங்களாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள கோணமானி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்ப்டன் மனந்தளராது ஏறத்தாழ ஆறு வாரம் உழைத்து அதனைச் சீர்செய்தார்.

இப்பெரும்பணியில் நம்மவர் பங்கும் சிறிதன்று. ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசைன் தம் கைத்திறத்தால் கல்கத்தா சென்று, ஜார்ஜ் எவரெஸ்டின் கருவிகளைச் செப்பனிட்டு, 1843-இல் அளவைத் துறையின் கணிதக்கருவி வினைஞராகவே உயர்ந்தார். பொறியியற் கல்லூரி எதிலும் பயிலாத ஒருவரின் உயர்வு இது.

மட்டமும் நீரும்

கிடைத்தூரத்தைப் போலவே உயரத்தையும் அளந்தனர். 1909-இல் நாகப்பட்டினம், சென்னை உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல்மட்டத்தை அடியாகக்கொண்டு நாட்டின் உயரக்குறிகள் ஒழுங்குபடுத்தப்பட்டன. புகைவண்டி நிலையப் பெயர்ப்பலகையில் ஊர்ப்பெயரின் கீழ்க் காணும் உயர எண் அந்த மரபினதே.

இவ்வெண்ணின் அருமையைத் திருவரங்கத் தீவே உணர்த்தும். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து நீரைப் பெரிதும் தன்பால் ஈர்த்ததால் தஞ்சை வயல்கள் வறண்டன. 1836-இல் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டி அப்போக்கைத் திருத்தினார். சில அடி உயர வேறுபாடு பல்லாயிரம் குடும்பங்களின் சோற்றை நிர்ணயிக்கும் நாட்டில், உயரக்குறி ஒன்று அழிவது சிறு இழப்பன்று.

மாணவர் செய்யத்தக்கன

சாலை விரிவாக்கத்திலும் கட்டடப் பணிகளிலும் இக்குறிகள் கேட்பாரற்று மறைகின்றன. பழைய பாலங்களையும் பொதுக் கட்டடங்களின் படிகளையும் கூர்ந்து நோக்குங்கள். சதுரமாக வெட்டிய குறியும் 'ஜி.டி.எஸ்.', 'பி.எம்.' எனும் ஆங்கில எழுத்துகளும் தென்பட்டால் அஃது உயரக்குறியாகலாம். வயல் வரப்பில் நிற்கும் சர்வே கல்லையும், மூன்று ஊர் எல்லைகள் கூடுமிடத்துக் கல்லையும் ஊர்ப் பெரியோரிடம் கேட்டறியுங்கள்.

கண்டதைப் படமெடுங்கள், இடம், நாள், கல்லின் நிலை ஆகியவற்றைக் குறியுங்கள், கைபேசி காட்டும் ஆயத்தொலைவையும் சேருங்கள். கல்லைச் சுரண்டவோ, வண்ணம் பூசவோ, பெயர்க்கவோ கூடாது. அரசு நாட்டிய அளவைக் குறியைச் சிதைப்பது சட்டப்படி குற்றம். இடம் மாறிய கல் பொய்ச் சான்றாகிவிடும். அயலாரிடையே பகையையும் வளர்க்கும். பிறர் நிலத்தில் உரியவர் இசைவின்றி நுழைதலும் தகாது.

கோயிற் சுவரின் கல்வெட்டைப் படியெடுக்கக் கற்ற தமிழ் மாணவர்க்கு இக்கல்லைப் படிப்பதும் கடமையே. ஒவ்வொரு துறையும் தன் ஊர்க் கற்களைப் பதிந்த ஒரு ஏட்டை நூலகத்தில் வைக்குமானால், நாளை எல்லைக்கும் நீருக்கும் வழக்கெழும்போது அவ்வேடு மெய்க்குத் துணை நிற்கும்.